தாழ்ந்த காரும் தவறிய பிடியும்: ஏஞ்சலஸ் கிரெஸ்ட் மலைச்சாலையில் ஒரு மியாட்டா

வண்டி, 1994ஆம் ஆண்டு மாடல் மாஸ்டா மியாட்டா. 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், சாதாரண டிஃபரென்ஷியல் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கர அமைப்பு). சாலை, லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே லா கன்யாடாவில் தொடங்கி சான் கேப்ரியல் மலைத்தொடரின் முதுகின் மீது ஏறி ரைட்வுட் வரை செல்லும் ஏஞ்சலஸ் கிரெஸ்ட் நெடுஞ்சாலை. புகார், வளைவின் நடுவே தார்ச்சாலையில் ஒரு மேடு குறுக்கிட்டால் காரின் பின்பக்கம் வெளிப்புறமாகத் துள்ளி நகர்கிறது.

புகாரோடு வந்த உரிமையாளர் தீர்வையும் கையோடு கொண்டுவந்திருந்தார்: இன்னும் இறுக்கமான ஸ்பிரிங், இன்னும் தடித்த ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைத் தடுக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி), முடிந்தால் இன்னும் ஒரு விரல் தாழ்வு. மலைச்சாலை என்றதும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேட்கும் பட்டியல் இதுதான். அவருடைய காருக்கு வேண்டியிருந்தது இதற்கு நேர் எதிரானது. சில இடங்களில் அதை இளக்க வேண்டியிருந்தது. எல்லா இடங்களிலும் உயர்த்த வேண்டியிருந்தது.

சாலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சஸ்பென்ஷன் வேலையில் பாதி சாலையைப் படிப்பதுதான். 1929இல் தொடங்கிய இந்தச் சாலைப்பணி 1956இல்தான் முடிந்தது. நீளம் சுமார் 106 கிலோமீட்டர். டாசன் சாடில் என்னும் கணவாயில் 2,408 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. குளிர்காலத்தில் மேல்பகுதி பனியால் மூடப்படும். மழைக்காலத்தில் பாறை உருளும். உறைபனியும் வெயிலும் மாறிமாறி வந்ததில் தார் சில இடங்களில் அலையலையாக எழும்பி நிற்கிறது. சரிந்த இடங்களைத் தோண்டி ஒட்டுப்போட்டதில் புதுத் தாருக்கும் பழைய தாருக்கும் இடையே படிபோல ஒரு விளிம்பு கிடக்கிறது. வளைவுகளின் உள்ஓரத்தில் மலையிலிருந்து உதிர்ந்த பொடிக்கல். பந்தயத் தடத்தின் சமதளம் இங்கே கிடையாது. பந்தயத் தடத்துக்கென்று செய்த சஸ்பென்ஷனை இங்கே கொண்டுவந்தால் சக்கரம் தரையில் இருக்கும் நேரத்தைவிடக் காற்றில் இருக்கும் நேரம் அதிகமாகிவிடும்.

காரைப் பொறுத்தவரை அடித்தளம் அருமையானது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்த முதல் தலைமுறை மியாட்டாவுக்கு நான்கு சக்கரங்களிலும், மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். சக்கரம் மேலும் கீழும் போகும்போது டயர் சாலையோடு கொள்ளும் கோணம் பெரிதாகக் கெடாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு இது. 1994இல் எஞ்சின் 1.6இலிருந்து 1.8 ஆனது. எடை சுமார் 1,040 கிலோ. ஒரே ஒரு பிறவிக் குறை உண்டு: ஷாக் அப்சார்பர் மேல்நோக்கி அமுங்குவதற்கு இருக்கும் இடம் மிகவும் குறைவு. மாஸ்டா பொறியாளர்கள் அதை அறிந்தே நீளமான, மெதுவாக இறுகும் ரப்பர் நுரை பம்ப் ஸ்டாப்பை (ஷாக் கடைசிவரை அமுங்கும்போது மோதாமல் தாங்கும் மெத்தை) வைத்து, அதையும் ஸ்பிரிங்கின் ஒரு பங்காகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். முந்தைய உரிமையாளர் யாரோ மலிவான தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை மாட்டியபோது இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பரிசோதனை

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தோம். நான்கு மூலைகளிலும் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். இந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தைவிட இது சுமார் ஐந்து சென்டிமீட்டர் குறைவு. பார்க்க அழகுதான், அதை மறுக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு ஷாக்கின் தண்டிலும் ஒரு கேபிள் டையை (ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) இறுக்கிக் கட்டி, கீழே உடலோடு ஒட்டித் தள்ளி வைத்தோம். காரை ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போனதோ அவ்வளவு மேலே டை தள்ளப்பட்டிருக்கும். சில காசு செலவில் இவ்வளவு உண்மை பேசும் கருவி வேறு இல்லை. சாலையின் கீழ்ப்பகுதியிலுள்ள கிளியர் கிரீக் சந்திப்பு வரை மட்டுமே, அதுவும் சாதாரண வேகத்தில் போய்வந்தோம். நான்கு டைகளும் தண்டின் உச்சியில், இனி நகர இடமில்லாமல் நசுங்கிக் கிடந்தன.

ஷாக்கைக் கழற்றியபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. தூசி உறையை மேலே இழுத்ததும் மஞ்சள் நிறத் துகள் கொட்டியது. பம்ப் ஸ்டாப் நுரை பல ஆண்டு வெயிலிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் மக்கிப் பொடியாகியிருந்தது. பின் இடது ஷாக்கின் தலையில், அதன் மேல்முனையைக் காரோடு பிணைக்கும் மவுண்ட் வந்து மோதி மோதி, மோதிரம்போல் ஒரு பளபளப்பான வளையம் தேய்ந்திருந்தது. அதாவது உலோகத்தோடு உலோகம். கார் நின்றுகொண்டிருக்கும்போதே ஷாக்கில் மீதமிருந்த இடம் ஒரு விரல் தடிமன்கூட இல்லை.

பின்பக்கம் துள்ளுவது ஏன் என்பது இதிலேயே விளங்கிவிடும். வளைவில் கார் சாயும்போது வெளிப்புறச் சக்கரம் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. அதன் மேல் ஒரு மேடு வந்ததும் இருந்த கொஞ்சநஞ்ச இடமும் தீர்ந்து, ஷாக் அடிமுட்டுகிறது. அந்தக் கணத்தில் ஸ்பிரிங்கின் இறுக்கம் பல மடங்காகிறது. பின் வெளிப்புற டயரின் மேல் ஒரேயடியாகச் சுமை ஏறுகிறது. டயருக்கு ஒரு குணம் உண்டு: சுமை இரட்டித்தால் பிடி இரட்டிக்காது, அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே சுமை ஒரு பக்கம் குவியக் குவிய, இரண்டு பின் டயர்களும் சேர்ந்து தரும் மொத்தப் பிடி குறைகிறது. பின்பக்கம் வெளியே போகிறது. மேட்டைத் தாண்டியதும் அமுங்கிய ரப்பரும் உலோகமும் காரைத் திருப்பி உதைக்கின்றன. சக்கரம் தரையைவிட்டு எழும்புகிறது. ஓட்டுபவருக்கு இது இரண்டு தனித்தனி உதைகளாகத் தெரியாது. பின்னால் யாரோ இடித்ததுபோல் இருக்கும்.

உரிமையாளர் கேட்ட தடித்த பின் பாரை மாட்டியிருந்தால் இது இன்னும் மோசமாகியிருக்கும். ஆன்ட்டி-ரோல் பாரின் இறுக்கம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 19 மில்லிமீட்டர் பாரை 22 ஆக மாற்றினால், கையில் பிடித்துப் பார்க்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. இறுக்கமோ சுமார் 80 சதவீதம் கூடிவிடும். சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள காரில் பின் பார் இறுகினால், கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியேறும்போது உட்புறப் பின்சக்கரம் சுமையிழந்து வீணாகச் சுற்றும். 1994இன் ஆர் பேக்கேஜ் மாடலில், அப்படிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டோர்சன் வகை டிஃபரென்ஷியலும் பில்ஸ்டீன் நிறுவன ஷாக்கும் இருந்தன. இந்தக் காரில் இரண்டும் இல்லை.

தாழ்த்துவதில் இன்னொரு சூது இருக்கிறது. இதைப் பலர் யோசிப்பதில்லை. ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்தினால் காரின் எடைமையமும் ஏறக்குறைய அவ்வளவு இறங்குகிறது, சரி. ஆனால் காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், விஷ்போன்களின் சாய்வு மாறுவதால், அதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் கூடுகிறது. அந்தத் தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். சாய்வைக் குறைக்கத் தாழ்த்தியவர், சாய்க்கும் விசையை வளர்த்துவிட்டு, அதை அடக்க மேலும் இறுக்கமான ஸ்பிரிங்கைத் தேடிப் போகிறார்.

எதை மாற்றினோம்

நோக்கத்தை ஒரே வரியில் எழுதி கராஜ் சுவரில் ஒட்டினேன்: ஷாக் அமுங்க இடம் வேண்டும். வாங்க வேண்டியவை எல்லாம் அதிலிருந்து பிறந்தன.

முதலாவது, உயரம். மரை வெட்டிய அலுமினிய உறையில் ஸ்பிரிங் உட்காரும் அமைப்பை எடுத்துக்கொண்டு, மட்கார்டு அளவை 33 சென்டிமீட்டராக வைத்தோம். தொழிற்சாலை உயரத்தைவிட இன்னமும் கொஞ்சம் தாழ்வுதான். உரிமையாளரின் முகம் வாடியது என்றாலும் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே தெரியும் அந்த வெளியில்தான் சக்கரம் வேலை செய்யப்போகிறது.

இரண்டாவது, மேல் மவுண்ட். 1999 மாடலாக அமெரிக்காவுக்கு வந்த இரண்டாம் தலைமுறை மியாட்டாவில் மாஸ்டாவே மேல் மவுண்டின் வடிவத்தை மாற்றி, ஷாக் அமுங்கக் கூடுதல் இடம் தந்தது. அந்த மவுண்ட் முதல் தலைமுறைக் காரிலும் பொருந்தும் என்பது மியாட்டா வட்டாரத்தில் பழைய செய்தி. பந்தயக் கடைகளில் விற்கும் பளபளப்பான பாகங்களைவிட இந்தச் சாதாரண மாஸ்டா பாகம் தந்த பலன் அதிகம். ஷாக்கில் 20 மில்லிமீட்டர் கிடைத்தால் முன்சக்கரத்தில் அது ஏறக்குறைய 29 மில்லிமீட்டர். முன்சக்கரம் பத்து நகர்ந்தால் ஷாக் ஏழுதான் நகர்கிறது.

இந்த ஏழுக்குப் பத்து என்ற விகிதம் ஸ்பிரிங் தேர்விலும் வருகிறது. அங்கே அது இருமடி. 0.7ஐ 0.7ஆல் பெருக்கினால் 0.49, ஆகவே ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் பாதிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. பின்பக்கத்தில் விகிதம் சுமார் 0.8, அங்கே 64 சதவீதம் சேர்கிறது. ஸ்பிரிங் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு கார்களை ஒப்பிடுவது இதனால்தான் வீண்வேலை. நாங்கள் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 5 கிலோ சுமை கேட்கும் ஸ்பிரிங்கை முன்னாலும், 4 கிலோ கேட்கும் ஸ்பிரிங்கைப் பின்னாலும் தேர்ந்தெடுத்தோம். ஓட்டுநர் எடையையும் சேர்த்து ஒவ்வொரு மூலையும் ஸ்பிரிங்கின் மேல் தாங்கும் பாரத்தைக் கணக்கிட்டால், காரின் முன்பக்கம் வினாடிக்குச் சுமார் 1.55 முறையும், பின்பக்கம் சுமார் 1.65 முறையும் தானாக ஆடும். சாதாரண வீட்டுக் கார்கள் 1.2 முதல் 1.4 வரை இருக்கும். 2ஐத் தாண்டினால் பந்தயத் தடத்தின் உலகம். இந்தச் சாலையில் அது முதுகுவலி.

பின்பக்கத்தை ஏன் சற்று வேகமாக ஆடவிட்டோம்? 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலப் பொறியாளர் வகுத்த விதி அது. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். மியாட்டாவின் அச்சிடைத் தூரம் 2,265 மில்லிமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் பின்சக்கரம் 0.14 வினாடி தாமதமாக அதே மேட்டில் ஏறுகிறது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஆடினால் மூக்கு கீழே, வால் மேலே என்று கார் தலையாட்டிக்கொண்டே போகும். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் ஓரிரு ஆட்டத்தில் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, உடல் மட்டமாக அமைந்துவிடும். குட்டையான காரில் இந்தத் தலையாட்டம் அதிகம் தெரியும் என்பதால் விதியை மதித்தோம். அதற்கு மேல் பின் ஸ்பிரிங்கை இறுக்கவில்லை, டிஃபரென்ஷியல் அனுமதிக்காது.

ஷாக்குக்குக் கோனி நிறுவனத் தயாரிப்பு. எழும்பும் திசையின் தடையை, அதாவது ரீபவுண்டை மட்டும் மேலிருந்து திருகி மாற்றலாம். நூற்றெட்டு திருகுகள் உள்ள ஷாக்குகளும் சந்தையில் உண்டு. ஒன்றைச் சரியாக வைக்கத் தெரிந்தவருக்கு அது ஒன்றே போதும். தெரியாதவருக்கு நான்கு இருந்தால் நான்கு மடங்கு குழப்பம். பம்ப் ஸ்டாப்புக்குப் புதிய பாலியூரித்தேன் நுரை, மெதுவாக இறுகும் வகை. ஆன்ட்டி-ரோல் பார்களில் கைவைக்கவில்லை. அவற்றின் காய்ந்த இணைப்புகளை மட்டும் மாற்றினோம்.

டயர் 185/60 ஆர்14லிருந்து 195/50 ஆர்15க்குப் போனது. மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பக்கச்சுவர் சுமார் 1.35 சென்டிமீட்டர் குறைந்ததால் ஸ்டீயரிங் கூர்மையாகும். இன்னும் பெரிய ரிம்முக்குப் போகவில்லை. பக்கச்சுவரும் ஒரு ஸ்பிரிங்தான். இந்தச் சாலையின் ஒட்டுப்போட்ட விளிம்புகளுக்கு அது தேவை.

மாட்டியதும் திருகியதும்

வேலையில் அதிக நேரத்தைத் தின்றது ஸ்பிரிங்கோ ஷாக்கோ அல்ல, துருப்பிடித்த போல்ட்டுகள். கீழ் விஷ்போன்களைப் பிடித்திருக்கும் கேம் போல்ட்டைத் திருப்பித்தான் இந்தக் காரில் கேம்பரையும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) காஸ்டரையும் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) மாற்ற வேண்டும். முப்பது வயது காரில் அது புஷ் என்னும் ரப்பர் மூட்டின் உள்குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய், சூடு, பொறுமை என்று மாற்றிமாற்றிக் கொடுத்ததில் ஒன்றைத் தவிர மற்றவை அசைந்தன.

புஷ் மாற்றும்போது பட்டறைகள் வழக்கமாகத் தவறவிடும் ஓர் இடம் உண்டு. ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. வெளிக்குழாய் விஷ்போனோடும் உள்குழாய் காரின் சட்டத்தோடும் பிடிபட்டிருக்க, நடுவிலுள்ள ரப்பர்தான் திருகிக்கொள்கிறது. கார் லிஃப்ட்டில் சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை முறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கப்பட்ட நிலையிலேயே நிற்கும். அது ஒரு கள்ள ஸ்பிரிங்போல் காரைத் தூக்கிப் பிடிக்கும். ரப்பரும் சீக்கிரம் கிழியும். எனவே எல்லா போல்ட்டையும் தளர்வாகவே விட்டு, சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, ஓட்டுநர் இருக்கையில் ஆளை உட்காரவைத்து, காரை நாலைந்து முறை அழுத்தி ஆட்டிவிட்ட பிறகே கீழே படுத்து முறுக்கினோம். சாதாரண ரப்பர்தான் போட்டோம். பாலியூரித்தேன் புஷ் துல்லியம் தரும் என்பது உண்மை. கிரீஸ் காய்ந்ததும் கிரீச்சிடும் என்பதும் உண்மை.

ரீபவுண்டைச் சரிசெய்ய இதே சாலையில் ரெட் பாக்ஸ் என்னும் இடத்துக்குக் கீழே, தார் நன்றாக அலையடித்திருக்கும் ஒரு நீட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஒரே நீட்டம், ஒரே வேகம், ஒரு முறைக்கு ஒரு மாற்றம். முழுக்க இளக்கிய நிலையில் தொடங்கினோம். கார் மேட்டைத் தாண்டியதும் ஒருமுறை மிதந்து, இன்னொரு முறையும் எழும்பியது. கால் சுற்று இறுக்கினோம்; இரண்டாவது எழும்பல் பாதியானது. மறுபடி கால் சுற்று. அரைச் சுற்றுக்கும் முக்கால் சுற்றுக்கும் இடையே கார் ஒரே மூச்சில் எழும்பி அமர்ந்தது.

அங்கே நிறுத்தாமல் மேலும் இறுக்கிப் பார்த்தோம், என்ன ஆகிறது என்று உரிமையாளருக்குக் காட்டுவதற்காக. காருக்குள் இருப்பவருக்கு அது இன்னும் கட்டுக்கோப்பாகத்தான் தோன்றியது. அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. இறங்கிக் கேபிள் டையைப் பார்த்தால், அதே மேடுகளுக்கு முன் ஷாக்குகள் முன்பைவிட ஆழமாக அமுங்கியிருந்தன. தடை அதிகமானதும், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுவதும் கீழே திரும்பும் முன்பே அடுத்த மேடு வந்துவிடுகிறது. கார் படிப்படியாகத் தன்னைத் தானே கீழே இழுத்துக்கொண்டு, மறுபடியும் பம்ப் ஸ்டாப்பின் மேல் போய் உட்காருகிறது. பணம் செலவழித்து வாங்கிய இடத்தை ஒரு திருகு தின்றுவிடுகிறது. இறுதியில் முன்னால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு, பின்னால் அரைச் சுற்று.

வீல் அலைன்மென்ட்டும் ஓட்டுநர் எடையோடுதான் செய்யப்பட்டது. முன் கேம்பர் உள்நோக்கி 1.2 டிகிரி, பின்னால் 1.6, முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின்னால் மிகச் சிறிய உள்டோ, காஸ்டர் 5 டிகிரியைத் தாண்டி, இரு பக்கமும் சமமாகக் கிடைத்த அளவு. கேம்பரை இன்னும் கூட்டினால் வளைவில் பிடி கூடும். ஆனால் இந்தக் கார் வாரத்தில் ஐந்து நாள் ஃப்ரீவேயில் நேராக ஓடுகிறது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். பிரேக்கில் புதிய திரவம் மட்டும் மாற்றினோம். நீண்ட இறக்கத்தில் பழைய திரவம் கொதித்தால் நல்ல சஸ்பென்ஷனால் பயனில்லை.

விளைவு

அதே சாலை, அதே ஒட்டுப்போட்ட விளிம்பு. பின்பக்கம் மேட்டின் மேல் ஏறி இறங்குவது தெரிகிறது, பக்கவாட்டில் நகர்வதில்லை. டை உச்சியைத் தொடுவதற்கு முன் நின்றுவிடுகிறது, பெரிய குழிகளில் மட்டும் நுரையைத் தொட்டுத் திரும்புகிறது. வளைவில் கார் முன்பைவிடச் சற்று அதிகமாகச் சாய்கிறது. முதல் நாள் உரிமையாளர் இதைக் குறையாகச் சொன்னார். இறக்கத்தில் வளைவுக்கு வளைவு ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போனதைக் கவனித்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேகம் கூடியதா என்று அளக்கவில்லை, அளக்கவும் கூடாது. பெரும்பாலான இடங்களில் மணிக்கு 55 மைல்தான் வரம்பு, அடுத்த வளைவில் சைக்கிள்காரர் இருக்கலாம், கல் கிடக்கலாம். நடுவிலுள்ள இரட்டை மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், பாதி பிடியைக் கையிருப்பில் வைத்து ஓட்டும்போதே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கேட்கப்பட்ட வேலை.

ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்பிரிங்குகள் சில மில்லிமீட்டர் அமர்ந்திருந்தன. உயரத்தை மீண்டும் திருகி, அலைன்மென்ட்டை ஒருமுறை சரிபார்த்தோம். ஸ்டீயரிங்கை நின்றபடி ஒடித்தால் முன்னால் வந்த டிக் சத்தம், மேல் மவுண்ட் நட்டைச் சரியான முறுக்கில் இறுக்கியதும் நின்றது. பின் இடது கேம் போல்ட் இன்னமும் அசையவில்லை. அதை அறுத்தெடுத்துப் புதிதாகப் போட, அந்த விஷ்போனைக் கழற்ற வேண்டும். கிளட்ச் வேலைக்குக் காரை ஏற்றும்போது சேர்த்துச் செய்வதாக முடிவு. அதுவரை அந்தச் சக்கரத்தின் கேம்பர் வலப்பக்கத்தைவிடக் கால் டிகிரி குறைவாக இருக்கும். ஓட்டும்போது அது தெரியவில்லை.